ஆறு மணிக்குக் கோயில் கேட்டைப் பூட்டுகிறோம், இது சரியா?

கேள்வி: சாவிக்காரர் (வட சென்னை)

எங்களுடையது வட சென்னையில் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். கோயில் பெயர் வேண்டாம். ஹார்பரில் 31 வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது பங்குப்பேரவைச் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பூசையில் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சனங்கள் சொல்வதை எழுதும் பூசைக் கருத்து நோட்டு என்னிடம் இருக்கும், கேட் சாவி என்னிடம் இருக்கும், திருவிழா முடிந்து மைக்செட்காரருக்குப் பாக்கி இருந்தால் அவர் என் வீட்டு வாசலில் இருப்பார். அவ்வளவுதான்.

போன மார்ச்சில் எங்கள் பங்குப் பையன் ஒருவனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். 19 வயது. கோயில் பின்சுவரை ஒட்டிய சந்தில், ராத்திரி ஒன்பதே காலுக்கு. பெரிய பகை ஒன்றும் இல்லை. யாரோ யாரையோ இன்ஸ்டாகிராமில் கலாய்த்தானாம், பதிலுக்கு ஒருவன் வண்டிச் சாவியைப் பிடுங்கினானாம், அதிலிருந்து 'கெத்து' பிரச்சினை ஆகிவிட்டதாம். எங்கள் காலத்தில் இங்கே வெட்டு என்றால் மீன் ஏலம், ஹார்பர் சரக்கு, கட்சி என்று பணம் புரளும் காரணம் ஒன்றாவது இருக்கும். இப்போது அதுவும் வேண்டாம். வலி மாத்திரை நாலைந்தைப் போட்டுக்கொண்டால் பயம் போய்விடுகிறதாம்.

மூன்று பேர் பிடிபட்டார்கள். இரண்டு பேர் பக்கத்து ஏரியா. கையில் மாவுக்கட்டோடு அவர்கள் போட்டோ வந்தது, வழக்கம்போல பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்களாம். மூன்றாவது பையன் எங்கள் பங்கு, 17 வயது. செத்தவனும் இவனும் ஒரே நாளில் உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கைப் பெற்றவர்கள். ஆயர் வந்தபோது எடுத்த குரூப் போட்டோவில் ஒருவனுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான். அந்தப் போட்டோ இன்னும் சக்ரீஸ்து அறையில், சாமியார் பூசை உடுப்பு மாற்றும் இடத்தில், மாட்டியிருக்கிறது. கழற்றுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. இரண்டு அம்மாக்களும் ஒரே அன்பியம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இருபது முப்பது வீடுகள் ஒரு குழுவாக மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி பைபிள் வாசிப்பார்கள். முடிவில் சுண்டல், டீ. இந்த இரண்டு பேரும் பத்து வருஷமாக ஒருவர் வீட்டுச் சுண்டலை ஒருவர் சாப்பிட்டவர்கள்.

அடக்கம் முடிந்த வாரமே பேரவை கூடியது. காம்பவுண்டு சுவரை இரண்டடி உயர்த்துவது, சிசிடிவி வைப்பது, கிரவுண்டில் பையன்கள் உட்காரக் கூடாது, கேரம் போர்டை உள்ளே வைத்துப் பூட்டுவது, ஆறு மணிக்கு கேட்டை மூடுவது. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

என்னை உறுத்துவது வேறு விஷயம். அடுத்த சனிக்கிழமை பூசைக் கருத்து எழுத முதலில் செத்த பையனின் அப்பா வந்தார், மகனின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. அரை மணி கழித்து மற்ற பையனின் அம்மா வந்தார். "என் புள்ள நல்லபடியா வெளிய வரணும்னு எழுதுங்கண்ணே" என்று ஐம்பது ரூபாயை நீட்டினார். நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதினேன். மைக்கில் வாசிக்கிறவருக்குத் துண்டுச் சீட்டு எழுதும்போதுதான் கை வரவில்லை. இரண்டாவதை 'ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட கருத்துக்காக' என்று மாற்றிவிட்டேன். அந்த அம்மா மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வேறு கோயிலுக்குப் போகிறார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் நண்பர்கள் பெயருக்குக் கீழே 'கணக்கு பாக்கி இருக்கு' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வருஷம் திரும்புவதற்குள் ஒன்று நடக்கும்.

சுவரும் ஜெபமாலையும் தவிர ஒரு கோயில் இதில் வேறு என்னதான் செய்ய முடியும்? பார்த்தவர்கள், செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: மரியின் மகன்

21 நாள் நற்கருணை ஆராதனை வையுங்கள். சாத்தான் ஓடிப்போவான். மனிதர்களின் யோசனையைக் கேட்பதை விட்டுவிட்டு முழங்காலில் நில்லுங்கள்.

பதில் 2: கறுப்புக் கோட்டு (வழக்கறிஞர், சென்னை)

முழங்காலில் நிற்கட்டும், நல்லதுதான். எழுந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அந்த 17 வயதுப் பையன். அவன் புழல் சிறையில் இல்லை, வழக்கில் சிக்கிய சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பான். கொலை என்பதால் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். அவனைப் பெரியவனாக வைத்து விசாரிப்பதா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் பிணை வேறு விஷயம். 12ஆம் பிரிவில் சிறாருக்குப் பிணை கொடுப்பதுதான் பொது விதி. மறுக்கக் காரணங்கள் உண்டு. வெளியே வந்தால் அவனுக்கே ஆபத்து என்பது அதில் ஒன்று. உங்கள் போஸ்டர் வரியை அரசுத் தரப்பு சிறார் நீதிக் குழுமத்தில் காட்டினாலே போதும், பிணை கஷ்டம். வேறு மாவட்டத்தில் பொறுப்பான உறவினர், தங்க இடம், படிக்க அல்லது தொழில் பழக இடம் என்று எழுத்தில் காட்டினால் கதை மாறும். தகுந்த நபர் ஒருவரின் பொறுப்பில் விடவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. ஏழைக் குடும்பத்தால் இந்த ஏற்பாட்டைச் செய்ய முடியாது, பங்கால் முடியும். பங்குத்தந்தைக்குப் பத்து ஊரில் பத்துப் பேரைத் தெரிந்திருக்குமே.

பெரியவர்கள் இரண்டு பேர் கண்டிஷன் பெயிலில் வருவார்கள். ஸ்டேஷனில் தினமும் கையெழுத்து. கையெழுத்துப் போடப் போகும் வழியில் வெட்டு விழுந்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்? நேரமும் இடமும் எதிராளிக்குத் தெரியும், அதனால்தான். கையெழுத்துப் போடும் இடத்தை மாற்றச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம், கொடுப்பார்கள். அவர்கள் உங்கள் பங்கு இல்லையென்றாலும் இதை அவர்கள் வக்கீல் காதில் போட்டு வையுங்கள். அடுத்த கொலை எங்கே நடந்தாலும் உங்கள் தெருவுக்குத்தான் திரும்பி வரும்.

செத்த பையன் வீட்டுக்கு: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டு மனு. தமிழ்நாட்டில் இதற்கென்று 2013லிருந்து திட்டம் இருக்கிறது, பாதிக் குடும்பங்களுக்குத் தெரியாது. யாராவது கூடப் போய் எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும். பார்த்த சாட்சி யாராவது பயந்து கிடந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

செய்யக் கூடாதது ஒன்று. எந்தப் பையனாவது மனம் திருந்தி கத்தியைக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தால் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். அது வழக்கில் வேண்டிய தடயமாக இருந்தால் மறைத்த குற்றம் உங்கள் தலையில் வரும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொன்னால் சட்டத்துக்குக் காது கேட்காது. பங்கு வாட்ஸாப் குரூப்பில் அந்த 17 வயதுப் பையனின் போட்டோ சுற்றுகிறது என்றால் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது.

பதில் 3: பாயில் ஹைட்ஸ் பழைய குடியிருப்பு

நான் திருச்சிக்காரன். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். வாடகை குறைவு என்று பாயில் ஹைட்ஸ் பக்கம் ரூம் எடுத்தேன். ஞாயிறு பூசைக்கு டோலோரஸ் மிஷன் என்ற சின்னக் கோயில். மெக்சிகோ, மத்திய அமெரிக்கச் சனங்கள். ஸ்பானிஷ் பூசை ஒன்றும் புரியாது, ஆனால் பாட்டுக்கு நம்மூர் போலவே கை தட்டுவார்கள்.

அந்தக் கோயிலின் கதையைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். 1986ல் கிரெக் பாயில் என்ற இயேசு சபைச் சாமியார் அங்கே பங்குத்தந்தையாக வந்தார். இரண்டு பக்கமும் அரசு ஹவுசிங் போர்டு குடியிருப்பு, பிக்கோ கார்டன்ஸ், அலிசோ வில்லேஜ் என்று. அந்த ஒரு பங்கு எல்லைக்குள் எட்டு கும்பல்கள். 1988ல் முதல் பையனை அடக்கம் செய்தார். அதற்குப் பிறகு எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் கும்பல் கொலைகள் வருஷத்துக்கு 800 அளவில் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்த முதல் காரியம் உங்கள் பேரவை செய்ததற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்திலிருந்து துரத்திவிட்ட கும்பல் பையன்கள் பகல் முழுக்கத் தெருவில் நின்றார்கள். அவர்களை எந்தப் பள்ளியும் சேர்க்காது. சரி என்று, பங்குப் பள்ளிக் கட்டடத்தின் மேலே இருந்த கன்னியர் இல்லத்தைக் கேட்டார். சிஸ்டர்கள் காலி செய்து கொடுத்தார்கள், அங்கேயே அந்தப் பையன்களுக்கு ஒரு பள்ளி. ஒரே வகுப்பில் எதிரெதிர் கும்பல். தினமும் அடிதடி. கோயில் வாசலில் ரவுடிகள் நிற்கிறார்கள் என்று பங்குமக்கள் கொதித்துப்போனார்கள், சாமியாரை மாற்றச் சொல்கிற அளவுக்கு. அப்போது அவரைக் காப்பாற்றியது ஆயர் இல்லை, அன்பியத்து அம்மாக்கள்.

ஆமாம், அன்பியம்தான். அங்கேயும் அதே மாதிரி வீட்டுக் குழுக்கள் உண்டு. அந்தப் பெண்கள் ஒரு நாள் வாசித்தது மத்தேயு 14, இயேசு கடல்மீது நடந்து வருகிற பகுதி. இந்தப் புயல் நம் தெருவில் நடக்கிற துப்பாக்கிச் சண்டைதான், நாம் கதவைப் பூட்டிக்கொண்டு படகுக்குள் உட்கார்ந்திருக்கிறோம், இறங்கி நடக்கச் சொல்கிறார் என்று ஒருத்தி சொன்னாளாம். ராத்திரி கிளம்பிவிட்டார்கள். கையில் சாப்பாடு, கிட்டார். ஒவ்வொரு கும்பலும் நிற்கிற முனைக்குப் போய் சிப்ஸும் கோக்கும் கொடுத்து, தாங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டு, மெக்சிகோ கிராமத்துப் பழைய பாட்டுகளைப் பாடியிருக்கிறார்கள். எங்கே, அம்மா வயசுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது எவன் துப்பாக்கியை எடுப்பான்? அதையே பிறகு வழக்கமாக்கினார்கள். பேட்டை அமைதிக் குழு என்று பெயரும் வைத்தார்கள். பையன்களை போலீஸ் அடித்தாலும் போய் நின்று கேட்டார்கள். நான் இருந்த காலத்தில் பள்ளி விடும் நேரத்துக்கு அம்மாக்கள் தெருமுனைகளில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சும்மா நிற்பார்கள். அவ்வளவுதான் வேலை.

பள்ளி வைத்ததும் வேலை கேட்டார்கள் பையன்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பெரிய கலவரம் நடந்த 1992ஆம் வருஷம் பழைய பேக்கரி ஒன்றை எடுத்து ஹோம்பாய் பேக்கரி தொடங்கினார். எதிரெதிர் கும்பல்காரர்கள் ஒரே மேசையில் மாவு பிசைய வேண்டும். அந்தப் பேக்கரி 1999ல் எரிந்துபோனது, மறுபடி கட்டினார்கள். இப்போது ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்று பெரிய நிறுவனம். முகத்தில் குத்திய பச்சையை இலவசமாக அழித்துக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் நெற்றியில் கும்பல் பெயரோடு போனால் எவன் வேலை கொடுப்பான்? அவர்களுடைய ஹோம்கேர்ள் கஃபேயில் ஒருமுறை எனக்குக் காபி கொண்டுவந்த பெண்ணின் புருவத்துக்கு மேல் பாதி அழிந்த எழுத்து இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னும் மூன்று சிட்டிங்" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அந்தச் சாமியார் சைக்கிளில் கும்பலுக்குக் கும்பல் போய் சமாதான ஒப்பந்தம் பேசினார். பிறகு அதை நிறுத்திவிட்டார். கும்பலோடு கும்பலாகப் பேசினால் கும்பலுக்கு அங்கீகாரம் கொடுத்த மாதிரி ஆகிறது, அது இன்னும் இறுகுகிறது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பையனோடும் தனித்தனியாகப் பேசுவதுதான் வேலை என்று முடிவு செய்தார். எல் சல்வடோரில் 2012ல் ஃபாபியோ கொலிந்த்ரெஸ் என்ற ஆயர் முன்நின்று இரண்டு பெரிய கும்பல்களுக்கு நடுவே உடன்பாடு செய்தார்கள். கொலை சட்டென்று பாதிக்கும் கீழே இறங்கியது. கொஞ்ச நாளில் உடன்பாடு உடைந்தது, 2015ல் அந்த நாடு அதற்கு முன்பைவிட மோசமான கொலைக் கணக்கைப் பார்த்தது.

உங்கள் கேரம் போர்டை முதலில் வெளியே எடுங்கள் சார்.

சாவிக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. மத்தேயு 14ஐ எங்கள் அன்பியத்திலும் வாசித்திருக்கிறோம். சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆனால் போலீஸ் விஷயம் எப்படி? எங்கள் பையன்களுக்கு போலீஸ் என்றால் பெட்டி கேஸும் மாவுக்கட்டும்தான். இன்ஸ்பெக்டரை அழைத்து கோயிலில் 'போதை விழிப்புணர்வுக் கூட்டம்' போடலாம் என்கிறது பேரவை. பையன் ஒருவனும் வர மாட்டான்.

பதில் 4: பாயில் ஹைட்ஸ் பழைய குடியிருப்பு

பாஸ்டன் கதையைக் கேளுங்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1992 மே மாதம் அங்கே மாட்டப்பான் பகுதியில் மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் சபையில், சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பையனின் அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது, எதிர்த் தரப்புப் பையன் ஒருவனை சபைக்குள்ளேயே அடித்துக் கத்தியால் குத்தினார்கள். (உங்கள் நினைவு நாள் பூசைக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.) அதிலிருந்துதான் கறுப்பினப் போதகர்கள் யூஜீன் ரிவர்ஸ், ஜெஃப்ரி பிரவுன், ரே ஹாமண்ட் முதலானவர்கள் டென் பாயிண்ட் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி தெருவில் நடந்தார்கள். முதல் நாள்களில் பையன்கள் கண்டுகொள்ளவே இல்லை. வந்துகொண்டே இருக்கிறார்களா என்று பார்த்தார்கள்.

அவர்களும் போலீஸை நம்பியவர்கள் இல்லை. 1989ல் ஒரு வெள்ளைக்காரன் தன் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பழியைக் கறுப்பன் ஒருவன் மேல் போட, போலீஸ் மிஷன் ஹில் பகுதியில் கறுப்பினப் பையன்களை நிறுத்தி நிறுத்திச் சோதித்தது. அந்தக் காயம் இருந்தது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். போலீஸ் அத்துமீறினால் வெளியே சொல்வது, நிஜமாகவே கொல்லத் துணிந்த சிலரைப் பற்றி போலீஸோடு பேசுவது. 1990ல் 152 கொலை நடந்த ஊரில் 1999ல் 31. எல்லாம் போதகர்களால் என்று சொல்ல மாட்டேன், 1996ல் போலீஸ் தொடங்கிய சீஸ்ஃபயர் திட்டமும் வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மைக் பிடித்துக் கூட்டம் போட்டு ஒன்றும் குறையவில்லை.

பதில் 5: கடற்கரைக்காரி (குமரி மாவட்டம்)

நல்லா இருக்கு எல்லாம். எங்க ஊர் அனுபவத்தையும் கேட்டுக்கோங்க.

எங்கள் கடற்கரை ஊர்களில் கோயில்தான் எல்லாம். ஒருவன் வலையை ஒருவன் வெட்டினாலும் வழக்கு கோயில் மேடையில்தான். சண்டை வந்தால் கமிட்டி கூடும், சாமியார் நடுவில் உட்காருவார், அபராதம் போடுவார்கள், கேட்காதவனை ஊர்விலக்கம் செய்வார்கள். கட்டாத அபராதத்துக்காக, கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கும் கல்யாண ஓலையை எழுதாமல் நிறுத்திவைத்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். இதனால் சண்டை நின்றதா? நிற்கவில்லை. தோற்ற தரப்புக்குக் கோயிலே எதிரியாகிவிட்டது. எங்கள் ஊரில் அடுத்த வருஷத் திருவிழாவில், தேர் போகிற பாதையிலேயே பாட்டில் வீசினார்கள்.

அதனால் சாவிக்காரர் அண்ணே, 'இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம்' என்று பேரவையில் ஒரு பெரிய மனுஷர் கட்டாயம் கிளம்புவார். விடாதீர்கள். கொலை வழக்கு கோயிலில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. மகனைப் பறிகொடுத்தவளை மன்னித்துவிடு என்று யாரும் போய்ச் சொல்லக் கூடாது, சாமியாரும் சேர்த்துத்தான். மன்னிப்பு அவளாக எடுத்துக் கொடுக்கிற சாமான். நாம் கேட்டு வாங்க முடியாது.

இன்னொன்று, அந்த அமெரிக்கப் பெண்கள் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மூரில் அதைக் கேட்டதும் ஆண்கள் 'அப்போ மாதர் சங்கம் பார்த்துக்கட்டும்' என்று எழுந்து போய்விடுவார்கள். முதலில் உங்கள் பேரவையில் எத்தனை பெண்கள் என்று எண்ணுங்கள்.

கடைசியாக, நீங்கள் போக வேண்டிய வீடு எது என்று உங்களுக்கே தெரியும். கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். துண்டுச் சீட்டு.

சாவிக்காரர் (ஐந்து மாதம் கழித்து):

யாராவது இன்னும் படிக்கிறீர்களா தெரியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கடற்கரைத் தங்கச்சி எழுதியதைப் படித்து ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அப்புறம் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் இறால் உரிக்கிற வேலைக்குப் போகிறவர். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. என் மனைவி கையைப் பிடிக்கப் போனபோது "நாத்தம் அடிக்கும்க்கா" என்று இழுத்துக்கொண்டார். சீட்டு எழுதியது நான்தான் என்று சொன்னேன். "தெரியும்ணே, உங்க எழுத்து இல்ல, அது படிக்கறப்பவே தெரிஞ்சுது" என்றார். எனக்கு அது சரியாகப் புரியவில்லை, ஆனால் திருப்பிக் கேட்கவும் இல்லை. அவருடைய சின்ன மகளை ஸ்கூலில் 'கொலைகாரன் தங்கச்சி' என்று கூப்பிடுகிறார்களாம். மறைக்கல்வி வகுப்புக்கும் அனுப்பவில்லை. ஏழு மாதமாக இந்தச் சின்னப் பெண்ணைப் பற்றி எங்கள் கூட்டம் எதிலும் ஒரு வார்த்தை வரவில்லை.

செத்த பையன் வீட்டுக்கு ஆணைக்குழு மனு எழுதிக் கொடுத்தோம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போச்சு. அதனால் எங்கள் பேரவையில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் அலைகிறார். பணம் இன்னும் வரவில்லை. (பேரவையில் 18 பேரில் பெண்கள் மூன்று. எண்ணிவிட்டேன்.)

கேட் இப்போது எட்டரை வரை திறந்திருக்கிறது. சும்மா திறக்கவில்லை, பெரிய சண்டை. ஒருவர் பேரவையை விட்டே போய்விட்டார். சிசிடிவிக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, அதனால் கேமராவும் இருக்கிறது. நானும் ஹார்பர் நண்பர் ஒருவரும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு கேரம் போர்டோடு உட்கார்ந்தோம். மூன்று வாரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் ஆடினோம், இத்தனைக்கும் வட சென்னையில் கேரம் என்றால் சந்துக்குச் சந்து சாம்பியன் இருப்பான். பாஸ்டன் ஆட்களும் முதலில் இப்படித்தான் நடந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொள்வோம். நாலாவது வாரம் ஒரு பொடியன் வந்து "தாத்தா, அது ஃபவுல்" என்றான். இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவனும் உண்டு, கண்ணைப் பார்த்தாலே தெரியும். உட்காரச் சொல்லி டீ வாங்கித் தருகிறோம். அதற்கு மேல் எங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

போஸ்டர் அடித்த பையன்களில் மூன்று பேரை உதவி பங்குத்தந்தை தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். சின்ன வயசுச் சாமியார், புல்லட் வைத்திருப்பதால் பேச்சுக் கொடுக்க வசதி. கல்லறைத் திருநாளுக்கு நண்பன் கல்லறையை நீங்களே வெள்ளையடியுங்கள் என்று சொல்லி பெயின்ட் வாங்கிக் கொடுத்தார். அடித்தார்கள். நவம்பர் 2 அன்று மந்திரிக்கப் போனால் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிப் பொட்டலமும் பீர் பாட்டிலும் இருந்தது. சாமியார் பாட்டிலைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்துவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது கேரம் ஆட வருகிறார்கள்.

நினைவு நாள் மார்ச்சில். பூசையை மாலையில் வைக்காமல் காலை ஐந்தே முக்காலுக்கு வைத்துக்கொள்ள செத்த பையனின் அப்பா ஒப்புக்கொண்டார். கூட்டம் சேராது. அன்றைக்கே மற்ற அம்மாவின் கருத்தையும் எழுதலாமா என்று கேட்டேன். "வேணாம்ண்ணே" என்றார். சரி என்று நோட்டை மூடிவிட்டேன். கேட்டிருக்கவே கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த 17 வயதுப் பையனுக்கு 18 ஆகிவிட்டது. பிணை கிடைத்து, வேறு மாவட்டத்தில் பெரியம்மா வீட்டில் இருக்கிறான். ஊர் பெயர் எழுத மாட்டேன். வீட்டிலேயே நாளெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறானாம், அதுதான் பயமாக இருக்கிறது. பத்தாவது பாஸ். டான் போஸ்கோ சபையான சலேசியர்கள் நடத்துகிற ஐடிஐ ஒன்றில் கேட்டிருக்கிறோம், அடுத்த சேர்க்கை வரை பொறுக்கச் சொல்கிறார்கள். அதுவரை வெல்டிங்கோ ஏசி மெக்கானிக்கோ கற்றுக்கொடுக்கக்கூடிய பட்டறை, வழக்கு விவரம் தெரிந்தும் சேர்த்துக்கொள்கிறவர்கள், கோவை, ஓசூர் பக்கம் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். போன் செய்வதாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு முன்னால் செய்யுங்கள். அதற்குப் பிறகு கிரவுண்டில் இருப்பேன், சத்தத்தில் ஒன்றும் கேட்காது.